யோகம்மா கேட்டது

2012 மார்ச் 4, ஞாயிறு

காலை முழுக்க மாமியின் அறைக்கு மேலே ஏறி உடைந்த ஓடுகளை மாற்றினேன். மாமி கீழே நின்று ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு குறை சொன்னார். கடைசியில் என் மனைவி சுகிர்தா வந்து, அவர் விழுந்துவிடப் போகிறார் அம்மா, சும்மா இருங்கள் என்று தாயை அப்பால் கூட்டிக்கொண்டு போனாள்.

பிரிட்டாவின் கட்டளைப்படி இந்த நாட்குறிப்பு. எங்கள் நிறுவனத்தின் திட்ட மேலாளராக ஐரோப்பாவிலிருந்து போன மாதம் வந்து இறங்கிய அம்மணி, எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு தடித்த டயரி தந்து, ஊர் நிலைமையைப் பற்றித் தினமும் எழுதுங்கள், நீங்கள் சாதாரணம் என்று நினைப்பதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்றார். சரி, எழுதுவோம். தமிழில் எழுதுகிறேன், அவரால் வாசிக்க முடியாது.

சாதாரணம் ஒன்று: நான் இருக்கும் இந்த வீடு என்னுடையது அல்ல. சுகிர்தாவின் சீதனம். கலியாணத்தன்று மாமி வீட்டுக் கதவின் திறப்பை மகளின் கையில் வைத்துவிட்டு, தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் பின்னால் உள்ள அறைக்குப் போனார். நான் வந்து ஏறிய மாப்பிள்ளை. மட்டக்களப்பில் அப்படித்தான், வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை வந்து இருப்பார், தாய் பின்னுக்குப் போவார். என் தாயும் என் தங்கைக்கு அப்படித்தான் செய்தார். போதும், பிரிட்டாவுக்கு இது தேவையில்லை.

மார்ச் 5, திங்கள்

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போனோம். வாவியைக் கடக்க எங்கள் பக்கத்தில் பாதை என்று சொல்லும் மிதவையில் மோட்டார் சைக்கிள், மாடு, நாங்கள் எல்லோரும் ஒன்றாக ஏறினோம். பிரிட்டாவுக்கு அதில் போவதென்றால் குழந்தைப்பிள்ளைச் சந்தோஷம். நாங்கள் போன வம்மியடிக்குளம், சண்டைக் காலத்தில் முழுதாக இடம்பெயர்ந்து, திரும்பி வந்து தகரக் கொட்டில்களில் கிடக்கும் ஊர். அங்கே கல்வீடு கட்டிக் கொடுப்பதுதான் எங்கள் திட்டம்.

பாலர் பாடசாலையில் கூட்டம். பிரிட்டா எழுந்து, வீட்டின் உறுதிப் பத்திரம் ஆணின் பெயரில் அல்ல, பெண்ணின் பெயரிலேயே எழுதப்படும் என்று அறிவித்துவிட்டுக் கைதட்டலுக்காகக் காத்து நின்றார். நான் மொழிபெயர்த்தேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னே வேறு யார் பெயரில் எழுதுவது என்பது போல ஒரு முழிப்பு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கொஞ்சம் கைதட்டுங்க, தூரத்திலயிருந்து வந்திருக்கிறா" என்றேன். தட்டினார்கள். பிரிட்டாவின் முகம் மலர்ந்துவிட்டது.

கேள்வி நேரத்தில் யோகம்மா என்ற பெண் எழுந்தார். ஐம்பது வயது மட்டில், புருஷன் இல்லை, ஒரே மகள் தர்சிகா. மகள் உயர்தரம் படித்து முடித்தவள், தாயின் பக்கத்திலேயே இருந்தாள்.

"தம்பி, இந்த ஊட்ட என்ட மகளுக்குச் சீதனமாக் குடுக்க ஏலுமா? அவள்ற கலியாணத்துக்கு எழுதிக் குடுத்துத்து நான் பின்னுக்கு இரிப்பன். ஏலுமா எண்டு அந்த மிஸ்ஸிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

நான் பிரிட்டாவிடம், இந்த வீட்டில் நிரந்தரமாக இருக்கலாமா என்று கேட்கிறார் என்றேன்.

பிரிட்டா இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து, நிச்சயமாக, அது உங்கள் வீடு, யாரும் உங்களை அங்கிருந்து எழுப்ப முடியாது என்றார். நான் யோகம்மாவிடம், "ஓம் அக்கா, ஏலும் எண்டு சொல்றா" என்றேன்.

கேள்வியைக் கொஞ்சம் சுருக்கினேன், அவ்வளவுதான். போன மாதம் கொழும்பில் நடந்த பயிற்சியில் ஒரு படம் காட்டினார்கள். சீதனத்துக்காக எங்கோ ஒரு நாட்டில் எரிக்கப்பட்ட பெண்ணின் முகம். பிரிட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, உங்கள் பகுதியிலும் இந்தச் சீதனம் இருக்கிறதா என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அது அந்தக் காலம், இப்போது இல்லை என்று சொல்லிவிட்டேன். இல்லையென்று சொன்னதை ஒரு மாதத்தில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? எங்கள் சீதனம் வேறு, இங்கே தாய் மகளுக்கு வீடு கொடுப்பது என்று அந்தச் சபையில் விளக்கப் போனால் மாட்டுவண்டிக்காரனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள்.

எப்படியும் விடை ஓம்தானே.

மார்ச் 6, செவ்வாய்

சீமெந்து வரவில்லை.

மார்ச் 22, வியாழன்

அத்திவாரம் வெட்டுகிறார்கள். மற்றவர்கள் எங்கள் மேசனை நம்பி நிற்க, யோகம்மா தானே கல் சுமக்கிறார், தானே தண்ணீர் அள்ளுகிறார். மணல் கொண்டுவரும் உழவு இயந்திரத்தை ஓட்டுகிறவன் சுதாகரன் என்ற பொடியன். மற்ற வீட்டு வளவுகளில் மணலைக் கொட்டிவிட்டுப் போகிறவன், யோகம்மாவின் வளவில் மட்டும் இறங்கி மண்வெட்டியால் ஒழுங்காகக் குவிக்கிறான். அவன் வந்தால் தர்சிகா வாசலுக்கு வருவதில்லை. ஊருக்கே விஷயம் விளங்கிவிட்டது, எனக்கும்தான். கலியாணப் பேச்சுக்கால் நடக்கிறது என்று யோகம்மாவே வெட்கத்தோடு சொன்னார்.

வீட்டுக்குப் பின்னால் தடி நட்டுக் களிமண்ணால் ஒரு சின்னக் குடிசை எழுப்புகிறார். ஒரு ஆள் படுக்கத்தான் இடம் காணும். பிரிட்டா அது என்ன என்று கேட்டார். நெல் போட்டு வைக்கும் கொட்டில் என்றேன். நல்ல யோசனை, நெல்லில் ஈரம் படாது என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார்.

பொய் சொன்னேனா? அந்தக் குடிசையில் நெல்லும் வைக்கலாம்.

ஏப்ரல் 15, ஞாயிறு

புதுவருடச் சாப்பாட்டுக்குப் பிரிட்டாவை வீட்டுக்கு அழைத்திருந்தேன். இறால் கறி, பாகற்காய்ப் பொரியல், தயிர், தேன். விரலால் பிசைந்து நன்றாகச் சாப்பிட்டார். உங்கள் வீடு அழகாக இருக்கிறது, நீங்கள் கட்டியதா என்று கேட்டார். நன்றி என்றேன். அது ஒரு பதிலா என்று எனக்கே தெரியவில்லை.

பின்பக்கம் போன மாமியைப் பார்த்து, அவர் யார் என்றார். சுகிர்தாவின் தாய், விருந்துக்கு வந்திருக்கிறார் என்றேன். சுகிர்தாவுக்கு அந்த அளவு ஆங்கிலம் விளங்கும். கறிச்சட்டியை மேசையில் வைத்த வேகத்தில் குழம்பு தெறித்தது. 

மே 9, புதன்

தலைமையகத்திலிருந்து ஒப்பந்தம் வந்துவிட்டது. வீடு பெறுகிறவர் பத்து வருடத்துக்கு யாருக்கும் எழுதிக் கொடுக்கக் கூடாது. அவரேதான் குடியிருக்க வேண்டும். வேறு குடும்பம் குடியேறினால் வீட்டை நிறுவனம் திருப்பி எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கும்.

பிரிட்டாவே எழுதிய வாசகம். ரொம்பப் பெருமையாகச் சொன்னார். முன்பு அவர் வேலை செய்த நாட்டில் விதவைகளுக்குக் கட்டிக் கொடுத்த வீடுகளைப் பிள்ளைகளும் சொந்தக்காரரும் ஏமாற்றி எழுதி வாங்கிவிட்டு, அந்தத் தாய்மாரைத் தெருவில் விட்டார்களாம். அதைக் கண்ணால் பார்த்தவராம். இங்கே அப்படி நடக்க விடமாட்டேன் என்றார்.  நல்ல மனுஷி.

பிறகு என்னைப் பார்த்து, இந்த ஊர் நிலைமைக்கு இதில் ஏதாவது பொருந்தாதா, நீ இந்த ஊர்க்காரன், சொல் என்று கேட்டார்.  இப்போது சொல்ல வேண்டுமென்றால் மார்ச் மாதக் கேள்வியைச் சொல்ல வேண்டும், நெல்லுக் கொட்டிலைச் சொல்ல வேண்டும், மாமி விருந்தாளி இல்லை என்று சொல்ல வேண்டும். எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன்.

மே 11, வெள்ளி

கையொப்பம் வாங்கினோம். ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதியது நான். "பயனாளியானவர் மேற்படி வீட்டினை எவ்வகையிலும் பராதீனப்படுத்தலாகாது" என்று அரசாங்கக் கச்சேரித் தமிழில் எழுதி, மூச்சுவிடாமல் வாசித்தேன். ஒரு சனத்துக்கும் விளங்கவில்லை. விளங்காமல் இருக்கத்தான் அப்படி எழுதினேனோ?

யோகம்மா மட்டும் பேனையைப் பிடித்தபடி, பராதீனம் என்றால் என்ன தம்பி என்றார். விற்கக் கூடாதாம் என்றேன். யாருக்கும் கைமாற்றவே கூடாது என்பதை விட்டுவிட்டேன்.

"நாங்க ஏன் தம்பி விக்கப் போறம்? மகளுக்குக் குடுக்கிறதுதானே. அது ஏலும் எண்டு நீங்க அண்டைக்கே சொன்னீங்க."

பிரிட்டா பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசை நீண்டு கிடந்தது. நான், "ஓம் அக்கா, வையுங்க" என்றேன். எழுத்துக்கூட்டி அழகாகக் கையொப்பம் வைத்தார்.

மே 12, சனி

தலையிடி. சுகிர்தா பனடோல் தந்தாள். படுத்தே கிடந்தேன்.

ஜூன் 3, ஞாயிறு

வம்மியடிக்குளத்தில் கண்ணகி அம்மன் சடங்கு. அழைத்தார்கள், போகாமல் இருக்க முடியவில்லை. வீடுகளுக்குக் கூரை ஏறிவிட்டது. யோகம்மாவின் வீட்டுக்கு மட்டும் முன்வாசலில் சந்தனப் பொட்டு.

கோயில் வாசலில் எல்லோர் முன்னிலையிலும் யோகம்மா எனக்கு வெற்றிலை தந்தார். ஆவணியில் கலியாணம் என்று பேச்சு முற்றாகிவிட்டதாம். சுதாகரனின் தாய் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, சுவரைத் தட்டிப் பார்த்து, இது என் பிள்ளை இருக்கத்தக்க வீடுதான் என்று சொல்லிவிட்டுப் போனாராம். சுதாகரனுக்குப் பின்னால் இரண்டு தம்பிமார், ஒரு தங்கை. அவன் போய் ஏற ஒரு வீடு வேண்டும், தாயின் வீடு தங்கைக்கு. இதில் ஒரு பேராசையும் இல்லை. நானும் அப்படித்தான் சுகிர்தாவின் வீட்டுக்குப் போனேன்.

"தம்பிதான் இந்தக் கலியாணத்த நடத்தி வெச்ச" என்று யோகம்மா பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னார்.  கலியாணத்துக்கு முன்வரிசையில் இருக்க வேண்டுமாம். வாறன் அக்கா என்றேன். வேறென்ன சொல்ல?

ஜூலை 10, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதவே கை கூசுகிறது.

வீடு கையளிக்கும் முன் சரிபார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு அலுவலர் வந்தார். தமிழர்தான், ஆனால் எங்கள் பகுதிக்காரர் இல்லை. என்னை ஒதுக்கி நிறுத்திவிட்டு அவரே வீடு வீடாகக் கேட்டார். யோகம்மா வாசலிலேயே நின்று வரவேற்றார். இங்கே யார் இருக்கப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, மகளும் மருமகனும், நான் பின்னுக்கு இருப்பேன் என்று நெஞ்சு நிறைந்து சொன்னார். போதாததற்குக் கூட்டிக்கொண்டு போய், மெழுகி வைத்திருந்த அந்தக் களிமண் குடிசையையும் காட்டினார்.

அலுவலர் வெளியே வந்து பிரிட்டாவிடம், ஒப்பந்தத்தை மீறும் எண்ணத்தோடுதான் இவர் வீடு கட்டியிருக்கிறார், திறப்பு கொடுக்க முடியாது என்றார். பிரிட்டாவின் முகம் வெளிறிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, யார் அந்த மருமகன், அவரை மிரட்டுகிறானா, தன் சொந்த வீட்டை விட்டு ஒரு தாய் ஏன் சேற்றுக் குடிசைக்குப் போக வேண்டும் என்று கேட்டார். அவர் நினைத்தது அந்த மற்ற நாட்டை. என் ஒரே ஒரு சொல்லுக்காகக் காத்து நின்றார்.

நான் சொன்னது: அவர் ஒப்பந்தத்தைச் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை போல.

யோகம்மா சற்றுத் தள்ளி நின்று, அலுவலருக்குக் கொடுக்க இளநீர் சீவிக்கொண்டிருந்தார்.

பிறகு அவரிடம் போய், பத்து வருடத்துக்கு மகளுக்கு எழுத முடியாது அக்கா, நீங்கள்தான் உள்ளே இருக்க வேண்டும், மேலிடத்து முடிவு என்றேன். முகத்தில் ஈயாடவில்லை அவருக்கு. கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அண்டைக்கு ஏலும் என்றீர்களே தம்பி என்று ஒரு தரம் கேட்டார். மேலிடம் மாற்றிவிட்டது என்றேன். அதுவும் பொய்.

ஜூலை 18, புதன்

பாதைத் துறையில் கேள்விப்பட்டது. சுதாகரனின் தாய் சம்பந்தத்தை நிறுத்திவிட்டார். மாமியாரின் வீட்டில் இருக்கலாம், என்.ஜீ.ஓவின் வீட்டில் என் பிள்ளை எப்படி இருப்பான், நாளைக்கு வந்து எழுப்பினால் பொண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு எங்கே போவான் என்று கேட்டாராம். நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் என் தாய் அதைத்தான் கேட்டிருப்பார்.

ஜூலை 20, வெள்ளி

யோகம்மா அலுவலகத்துக்கு வந்தார். வாவி கடந்து, பஸ் மாறி வந்திருக்கிறார். யன்னலால் கண்டுவிட்டுக் களஞ்சிய அறைக்குள் போய் நின்றேன். நான் வெளியே போய்விட்டதாகச் சொல்லும்படி காவலாளியிடம் சொன்னேன். விறாந்தையில் வெகு நேரம் இருந்தாராம். பிறகு ஒரு சட்டி தயிரை என் மேசையில் வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, தம்பியைக் கோபிக்க வந்தேன் என்று நினைக்க வேண்டாம், அந்த மிஸ்ஸிடம் இன்னொரு தரம் கேட்டுப் பார்க்கச் சொல்லத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

சீமெந்துப் பைகளுக்கு நடுவே நின்றேன் நான். நாற்பது வயது மனிதன். தூ.

ஜூலை 22, ஞாயிறு

வீட்டுக்குக் கொண்டுவந்த தயிர் அப்படியே கிடக்கிறது. ஏன் சாப்பிடவில்லை என்று சுகிர்தா கேட்டாள். பசி இல்லை என்றேன். விடவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் சொன்னேன், மார்ச் மாதத்திலிருந்து.

நான் நினைத்தேன் கத்துவாள் என்று. கத்தவில்லை. சட்டியை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இஞ்சேருங்க, நீங்க இரிக்கிற வீடு ஆற்ற வீடு?"

"உன்ட வீடு."

"எனக்கு ஆர் தந்த?"

"மாமி."

"இத அந்த மிஸ்ஸுக்குச் சொல்ல என்னத்துக்கு உங்களுக்கு வெக்கம்? அம்மா தந்தத வாங்கிக்கிட்டு இரிக்கிறதுக்கு வெக்கம் வரல்லயே."

 தாயின் அறைக்குப் போய்விட்டாள். முன்மண்டபத்தில் நான் தனியே இருந்தேன். எழுந்து போய் மாமியிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. விருந்தாளி என்று சொன்னேனே, அதைச் சுகிர்தா அவரிடம் சொல்லியிருப்பாளோ என்று யோசித்தேன். சொல்லியிருக்கமாட்டாள். தாயின் மனம் நோகக் கூடாது என்று வைத்திருப்பாள்.

ஜூலை 24, செவ்வாய்

பிரிட்டாவிடம் சொல்லிவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே சொன்னேன். இருக்கச் சொன்னார், இருக்கவில்லை.

முதலில் அவருக்கு விளங்கவில்லை. சீதனம் என்றால் பெண்ணின் வீட்டாரை உறிஞ்சுவது என்றுதான் அவர் படித்திருக்கிறார். தாயிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து அவள் மகளுக்கு என்று வீடு பெண்வழியாகவே போகும் என்று ஒரு தாளில் கீறிக் காட்டினேன். மாப்பிள்ளைதான் வந்து ஏறுகிறவர், கோபித்துக்கொண்டு வெளியே போகிறவரும் அவர்தான், பெண்ணை யாரும் எழுப்ப முடியாது என்றேன். என் வீடு சுகிர்தாவினது என்பதையும், மாமி விருந்தாளி அல்ல என்பதையும் சொன்னேன்.

அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்து, நான் கீறிய கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, நான் இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவர நினைத்தது இங்கே ஏற்கனவே இருந்திருக்கிறது, அதை என் கையாலேயே தடுத்திருக்கிறேன் என்றார். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. மே மாதத்தில் நான் உன்னிடம் நேரே கேட்டேன், ஒரு வாசகத்தை மாற்ற ஒரு நாள்கூடப் போயிருக்காது என்றார். ஓம் என்றேன். அன்றைக்கு அந்தப் பெண் கேட்டதைச் சொல்லுக்குச் சொல் சொல் என்றார். சொன்னேன். எழுதிக்கொண்டார்.

வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டேன். அது உனக்குச் சுகம், முதலில் இதைத் திருத்தும் வேலையைப் பார் என்றார்.

ஆகஸ்ட் 3, வெள்ளி

தலைமையகத்துக்குப் பிரிட்டா எழுதிக்கொண்டே இருக்கிறார். கையொப்பமாகிவிட்ட விதியை ஒரு கிராமத்துக்காக மாற்ற முடியாது என்று ஒரு பதில் வந்தது. மறுபடி எழுதினார். இரவில் அவர்கள் நேரத்துக்குத் தொலைபேசியில் சண்டை பிடிக்கிறாராம். நான் பக்கத்தில் இருந்து குடி என்ற வம்சம், தாய்வழி, வளவு என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதிக் கொடுக்கிறேன். மார்ச் மாதத்தில் வாயைத் திறந்திருந்தால் இரண்டு நிமிட வேலை.

ஆகஸ்ட் 17, வெள்ளி

அனுமதி வந்துவிட்டது. தாய் விரும்பினால் மகளுக்கு எழுதலாம், இந்த ஊருக்கும் இனிமேல் வரும் ஊர்களுக்கும். பிரிட்டா அலுவலகத்தில் எல்லோருக்கும் கேக் வாங்கினார்.

கேக்கைத் தின்றுகொண்டிருக்கும்போதுதான் எங்கள் சாரதி சொன்னான். சுதாகரனுக்கு வாவிக்கு இந்தப் பக்கம் பெண் பார்த்து முற்றாக்கிவிட்டார்களாம். அதே ஆவணியில். வீடு உள்ள பெண்.

 பிரிட்டாவிடம் சொன்னேன். தட்டை வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

ஆகஸ்ட் 20, திங்கள்

வம்மியடிக்குளம். அதே பாலர் பாடசாலை. போகும் வழியில் பிரிட்டா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: இன்றைக்கு அங்கே சொல்லப்படும் ஒவ்வொரு சொல்லும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போக வேண்டும், சுருக்கக் கூடாது, கூட்டக் கூடாது. சரி என்றேன்.

பிரிட்டா எழுந்து, மார்ச் மாதத்தில் யோகம்மா ஒரு கேள்வி கேட்டார், அந்தக் கேள்வி எனக்கு வந்து சேரவில்லை, அதனால் பிழையான விதி எழுதினேன், மன்னியுங்கள் என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. அதைத் தமிழில் சொன்னேன். சொல்லிவிட்டு, கூட்டக் கூடாது என்று சொன்னவர் பக்கத்தில் நிற்க, ஒன்றைக் கூட்டினேன். "கேள்விய மாத்திச் சொன்ன நான்தான்" என்றேன். அதையே ஆங்கிலத்திலும் சொன்னேன்.

 யோகம்மா எழும்பவில்லை, இருந்த இடத்திலிருந்தே கேட்டார்.

"ஏன் தம்பி?"

"வெக்கமா இரிந்திச்சு அக்கா. அவவுக்கு முன்னால சீதனம் எண்டு சொல்ல."

"என்ன வெக்கம்? நாங்க களவெடுத்துக் குடுக்கிறமா? என்ட அம்மா எனக்குத் தந்த ஊடு சண்டையில போயித்து. அதத் திருப்பி என்ட புள்ளைக்குக் குடுக்கத்தானே இவ்வளவு கல்லையும் சுமந்த. எனக்கு ஒரு ஆளுக்கு என்னத்துக்குத் தம்பி கல்லூடு?"

ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.  பிரிட்டா அனுமதி வந்த விஷயத்தைச் சொன்னார். அதையும் சொன்னேன். இந்த முறை கைதட்டச் சொல்லி யாரையும் கேட்கவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் மட்டும், பிள்ளையின் கலியாணம் நின்றபிறகு என்ன என்று மெல்லச் சொன்னார். அதையும் மொழிபெயர்த்தேன்.

யோகம்மா சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு எழுந்தார். பிறகு, சந்தோஷம் என்று சொல்லுங்கள் தம்பி, வேறு பிள்ளைகளுக்காவது உதவும் என்றார். சொன்னேன்.

கூட்டம் கலைந்து பிரிட்டா பெண்களோடு நின்றபோது நான் மோட்டார் சைக்கிளடிக்கு வந்துவிட்டேன். தர்சிகா அங்கே நின்றாள். இந்த ஐந்தாறு மாதத்தில் அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏசப்போகிறாள் என்று நினைத்தேன். ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன். மன்னித்துக்கொள் பிள்ளை என்று தொடங்கினேன், அவள் தலையை ஆட்டி நிறுத்தினாள்.

"அண்டைக்கு நீங்க இங்கிலீசில மாத்திச் சொன்னது எனக்கு அப்பவே விளங்கின சேர்."

 ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எனக்கும் வெக்கமாத்தான் இரிந்திச்சு. அம்மா அத்தின பேருக்கு முன்னால அந்த மிஸ்ஸிட்டச் சீதனம் எண்டு கேக்கக்குள்ள நிலத்துக்குள்ள போயிரலாம் போல இரிந்த. எங்களப் பட்டிக்காடு எண்டு நினைச்சிருவாவோ எண்டு. நீங்க வேற மாதிரிச் சொன்னதும், அப்பாடா எண்டு இரிந்தன் சேர். நல்ல காலம் எண்டு நினைச்சன்."

சொல்லும்போது அழவில்லை. தாய் நின்ற பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மாக்கு இது தெரியா. சொல்லிராதீங்க."

பிறகு போய்விட்டாள். ஒரு வெட்கம் கெட்டவன் சொன்ன பொய்யைக் கேட்டு ஆறுதல்பட்ட பிள்ளை. அந்த ஆறுதலுக்காகத் தன் கலியாணத்தைக் கொடுத்துவிட்டு, என்னிடம் வந்து தான் பிழை செய்தது போலச் சொல்லிவிட்டுப் போகிறாள். நான் மட்டும்தான் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டிருந்த அந்தச் சின்ன நிம்மதியும் போய்விட்டது.

பிரிட்டா வந்து பக்கத்தில் நின்றார். தான் பழகிக்கொண்டிருக்கும் தமிழில், "தர்சிகா என்ன சொன்னா?" என்று கேட்டார். இன்றைக்கு எதையும் மறைக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

"அது எனக்குச் சொன்னது" என்றேன் தமிழிலேயே.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் மறுபடி கேட்கவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினார். நான் வண்டியை எடுத்தேன்.